பிலோமினா கேட்ட வெற்றுக் கட்டம்

திங்கட்கிழமை காலை திரேசாவின் அழைப்பு வந்தபோது நான் துண்டித்துவிட்டேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் துண்டித்தேன். கணினித் திரையில் ஏழெட்டு நாட்டுக்காரர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். அடுத்த பதிப்புக்கான பட்டியலைப் பற்றி நான் பேச வேண்டிய முறை அது. பிலோமினா அக்காவின் நாற்காலி எனக்குப் பின்னால் காலியாக இருந்ததைப் பார்த்தேன்தான். நேராக எங்காவது வீடுகளில் கணக்கெடுக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பேசி முடித்து, தேநீர் கலந்து எடுத்துக்கொண்டு, அவருடைய தங்கையைச் சாவகாசமாகத் திரும்ப அழைத்தேன்.

“அக்கா போயிட்டாங்க பாய்,” என்றார் திரேசா. “வேலைக்குக் கெளம்பி வாசல்ல செருப்பு மாட்டினாங்க. அப்படியே படியில உக்காந்துட்டாங்க. கூப்பிட்டேன், திரும்பல.”

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்று சொல்லிப் போயிருந்தார். நான் முதல் அழைப்பை எடுத்திருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இரண்டு முறை விரலால் தள்ளிவிட்டது இன்னும் கையிலேயே இருக்கிறது. அவர் விஷயத்தில் நான் தள்ளிவிட்டது அது மட்டும் இல்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அக்காவோடு மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலைந்தவர்கள். மற்றவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். வீடு, கடை, அலுவலகம் என்று கட்டடங்களில் மக்கள் எரிக்கும் எரிபொருளால் எந்த நாட்டில் எவ்வளவு மீத்தேன் காற்றில் கலக்கிறது என்று ஒப்பிடும் பட்டியல் ஒன்றைப் பல நாடுகள் சேர்ந்து தயாரிக்கின்றன. அதில் நாட்டுக்கு ஒரு வரி, நம் நாட்டு வரியின் எண்களை நிரப்புவது எங்கள் பொறுப்பு. மீத்தேன் பூமியின் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வாயு. குளிர் நாடுகளில் வீட்டுக்கு வீடு குழாயில் வரும் எரிவாயுவே பெரும்பாலும் மீத்தேன்தான், அது வழியில் கசிகிறது. விறகு எரிக்கும் நாடுகளில் சரியாக எரியாத புகையோடு அது வெளியேறுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் கலனில் வாங்கும் காஸ். அதில் மீத்தேன் ஏறக்குறைய இல்லை. ஆகவே நம் வரி சுத்தமான வரி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் என் வேலை, வீடுகள் அக்காவின் வேலை. அவர் மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, பால்மரங்கள் சாய்க்கப்பட்டு, பாதி இடத்தில் புதுக் குடியிருப்பு எழும்பிய பிறகும், தொழிலாளர் வரிசை வீடுகளில் எஞ்சிய கடைசி லயத்தில் தங்கையோடு குடியிருந்தார். நான் சிரம்பானில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகன், ரஹாங்கில் வளர்ந்தவன். தோட்டம் என்றால் எனக்குப் பேருந்து ஜன்னலில் ஓடும் பச்சைதான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், நாலைந்து வருடம் அவர் மூத்தவர். அந்த நாலைந்து வருடத்தை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டலடிக்கும் உரிமையை அவர் முழுதாக எடுத்துக்கொண்டார்.

கணக்கெடுக்கப் போகும் வீட்டில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்பார். வீட்டுக்கார அம்மா எடுத்துவரத் திரும்பியதும் பேசிக்கொண்டே பின்னால் நடந்து சமையலறைக்குள் போய்விடுவார். ஒரு நாளைக்கு எத்தனை வீடோ அத்தனை குவளை தண்ணீர். இது முறையா என்று ஒரு தடவை நான் கேட்டேன். “முன்னால உக்காந்தா அவங்க காட்டுறதத்தான் பார்ப்போம் பாய்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கூட்டங்களில் என் சொந்தச் சரக்கு போல இரண்டு முறை எடுத்து விட்டிருக்கிறேன்.

என் பட்டியலில் அவருக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. நாடுகளை நெட்டுக்கோடுகளாகக் காட்டும் பக்கம். ஒரு குளிர் நாட்டின் கோடு தாளின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. அங்கே வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கே நாள் முழுக்க எரிவாயு எரிய வேண்டும் என்று விளக்கினேன். அக்கா விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நம் வெயிலில் கொஞ்சம் அங்கே அனுப்ப வழியிருக்கிறதா என்று கேட்டார். பிறகு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த நம் கோட்டின் மேல் விரலை வைத்து, “நாம இவ்ளோ நல்லவங்களா?” என்றார். நான் சிரித்தேன். அவர் அந்தக் கேள்வியைச் சிரிப்புக்காகக் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு காலை, கையில் ஒரு பாரத்தோடு, அதாவது கணக்கெடுப்புப் படிவத்தோடு, என் மேசைக்கு வந்தார். கணக்கெடுப்பவர்கள் பழகிப் பார்ப்பதற்காகத் தங்கள் சொந்த வீட்டுக்கு ஒரு பாரம் நிரப்பித் தருவது எங்கள் வழக்கம். அவருடையது அது. ‘சமையல் எதில்?’ என்ற இடத்தில் காஸ் என்று அவர் கையெழுத்து.

“இதக் கிழிச்சுடுங்க,” என்றார். “என் வீட்டுப் பாரத்துலயே நான் பொய் எழுதியிருக்கேன்.”

எனக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து சொன்னார். அன்று காலை அவர் குளித்தது விறகில் காய்ந்த தண்ணீரில். முந்தின இரவு சோறு வெந்ததும் விறகில். வீட்டுக்குப் பின்னால் தனியாகத் தகரக் கொட்டகை, அதில் மூன்று கல் அடுப்பு. சாய்த்த பால்மரங்கள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன, யார் எடுத்தாலும் கேட்பாரில்லை. உள்ளே மேசையில் காஸ் அடுப்பு இருக்கிறது, பின்னல் துணி போர்த்தி. தேநீருக்கும் தாளிப்பதற்கும் விருந்தாளி வந்தாலும் அதை மூட்டுவார்கள். தோட்டத்தில் ஒரு குடும்பம் தலையெடுத்துவிட்டது என்பதற்கு அந்தக் காஸ் அடுப்புதான் அடையாளம். யார் வந்து கேட்டாலும் வாய் தானாகவே காஸ் என்றுதான் சொல்லும். தண்ணீர் காய வைப்பதை யாரும் சமையலில் சேர்ப்பதில்லை. கொட்டகையை யாரும் வீட்டில் சேர்ப்பதில்லை.

“எத்தனை வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சேன்,” என்றார். “அந்த வாசல் வழியா பின்னால புகையப் பார்த்துக்கிட்டேதான் குடிச்சேன். பொறந்ததுலேருந்து பார்க்கிறது பாய். அதனால கண்ணுலயே படல.”

அடுத்த சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனார். முதல் வீட்டு அம்மா எங்களைப் பின்பக்கமே வரச் சொன்னார், அடுப்பை விட்டு நகர முடியவில்லை என்று. பெரிய தேக்சாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் என் பாரத்தின்படி கேட்டேன். “நாங்கெல்லாம் காஸ்தான்லா பாய். வெறகெல்லாம் அந்தக் காலம்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஒரு கட்டையைக் காலால் அடுப்புக்குள் தள்ளினார். அவரைப் பொறுத்தவரை அதில் பொய்யே இல்லை, அதுதான் வேடிக்கை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. மீத்தேன் அளக்கும் கருவியைப் புகைக்கு மேலே நீட்டிப் பிடித்தார். எண் ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கண்ணெரிந்து தண்ணீர் கொட்டியது, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினேன். அந்த அம்மா நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறார்.

அன்றிலிருந்து அக்கா போன வீட்டுக்கெல்லாம் மறுபடி போனார். கூடுதலாக ஒரே கேள்வி: குளிக்க எதில் சுடுதண்ணி வைக்கிறீர்கள்? ஒரு பள்ளிக்கூட நோட்டில் வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்து, பட்டியலில் நம் நாட்டுக்கு நேரே விறகு என்ற கட்டத்தில் என்ன போடப் போகிறேன் என்று கேட்டார்.

நான் என் நியாயங்களை எடுத்து வைத்தேன். கட்டடத்துக்குள் எரிப்பதுதான் கணக்கு, கொட்டகை தனியாக நிற்கிறது. தவிர, நெகிரி செம்பிலான் என்ற ஒரே மாநிலத்தில் சில தோட்டங்களை வைத்து ஒரு நாட்டைப் பற்றிப் பேச முடியாது. இரண்டாவது நியாயம் சரியானதுதான், அக்காவும் அதை ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள் என்றார். அதுவும் முடியாது என்றேன். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த நாட்டை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பூஜ்யம் போட்டால் வரி நிற்கும். அடியில் நிற்கும், இந்தப் பட்டியலில் அடியில் நிற்பதுதான் பெருமை. எனக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது. அதை அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

அவர் பேனா முனையால் திரையில் அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

“பூஜ்யம்னா போய்ப் பார்த்தோம், அங்க இல்லன்னு அர்த்தம்,” என்றார். “வெறும் கட்டம்னா நாம இன்னும் பார்க்கலன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா பாய்?”

நான் ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் எழுந்து போகும்போது திரும்பி, உங்கள் கடையில் வெள்ளிக்கிழமை பிரியாணி எதில் வேகிறது என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். அத்தா காலத்திலிருந்து, இப்போது அண்ணன் நடத்தும் வரைக்கும், அது கடைக்குப் பின் சந்தில் விறகில்தான் வேகிறது. கடைகளின் கணக்குக்காக எங்கள் கடைப் பாரத்தை நிரப்பியவன் நான். காஸ் என்றுதான் எழுதியிருந்தேன். நான் பூஜ்யத்தைப் போட்டு அறிக்கையை அனுப்பினேன்.

அறிக்கை வெளியீட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் நம் வரியைக் காட்டிக் கைதட்டினார்கள். அக்கா வரவில்லை, வீடு பார்க்க வேண்டியிருந்தது என்றார். சில மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. விறகு எரிக்கும் குடும்பங்களுக்குப் புகை குறைந்த அடுப்பும், வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் கூரைத் தொட்டியும் கொடுக்கும் வெளிநாட்டு உதவித் திட்டமொன்றுக்கு அக்கா சொல்லித்தான் நான் விண்ணப்பித்திருந்தேன். அந்தக் கடைசி லயத்தை மனதில் வைத்து அவரே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அது. கடிதத்தில் ஒளிவுமறைவே இல்லை. எங்கள் பட்டியல் வீடுகளில் விறகு இல்லை என்று காட்டுவதால் இந்த நாட்டைச் சேர்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். என் பூஜ்யத்தைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் தேநீர் குடிக்கும்போது, கிடைக்கவில்லை என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

“அந்தக் கட்டத்தப் பார்த்தா முடிவு பண்ணாங்க?” என்றார்.

எத்தனையோ காரணம் இருக்கும் அக்கா என்று மென்று விழுங்கினேன். கடிதம் என் மேசையில் கோப்புக்குள் இருந்தது. எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும், நான் காட்டவில்லை. அவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தார். மழை வருவதற்குள் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு வரவே இல்லை. வழக்கம்போல என்னைக் கிண்டலடித்தார், நானும் வழக்கம்போலச் சிரித்தேன். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

துக்க வீட்டில் கூடத்தில் செபம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இடமில்லை. நான் பின்பக்கமாகச் சுற்றி வந்து கொட்டகை ஓரம் நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வந்தவர்களுக்குத் தேநீருக்காகத் தண்ணீர் காய்ந்தது. இத்தனை பேர் வந்திருந்ததால் உள்ளே இருந்த காஸ் அடுப்பு போதவில்லை. அதன் பின்னல் துணியை மடித்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். திரேசா கட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே என்னிடம், “அக்காவக் கடைசியா குளிப்பாட்டின தண்ணியும் இதுலதான் பாய் காஞ்சது” என்றார். சும்மா ஒரு பேச்சாகத்தான் சொன்னார். ஏழெட்டு நாட்டுக்காரர்கள் நம்பும் பட்டியலில் அந்த அடுப்பு கிடையாது. நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மறுபடி போனேன். அக்காவிடம் சொல்லாததைத் தங்கையிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான். கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பூஜ்யத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திரேசா கடிதத்தை வாங்கவில்லை.

“அக்காவுக்குத் தெரியும் பாய்,” என்றார். “உங்க மேசையில பாரம் தேடுறப்ப அந்தக் கடிதத்தப் பார்த்துட்டாங்க. ஜமால் பாய் சொல்ல முடியாம முழிக்கிறாரு, பாவம், அவரா சொல்லட்டும்னாங்க.”

அது எப்போது என்று கேட்டேன். நான் தேநீர்க்கடையில் மென்று விழுங்கியதற்கு முந்தின நாள்.

கோபப்பட்டாரா என்றும் கேட்டேன். ஒரு வாரம் வீட்டில் சரியாகப் பேசவில்லை என்றார் திரேசா. பிறகு உள்ளே போய் நோட்டுகளைக் கொண்டுவந்தார். நான் அறிந்தது ஒரு நோட்டு. இவை ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, சொந்தக் காசில் வண்டிக்கு எண்ணெய் போட்டு, எங்கள் அலுவலகக் கணக்கில் சேராமல் அவர் போன தோட்டங்கள். சில தோட்டங்களின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வரி: உள்ளே என்ன, பின்னால் என்ன. சில தோட்டங்களை வைத்து ஒரு நாட்டைப் பற்றிப் பேச முடியாது என்று நான் சொன்னதை அவர் மறுத்துப் பேசவில்லை. போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்த அந்த ஒரு வருடம் முழுவதும்.

இதை எழுதும் இந்த வாரம் நான் முதலில் அண்ணன் கடைப் பாரத்தைத் திருத்தினேன். பிறகு அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதே ஏழெட்டுப் பேரிடம், அந்தப் பூஜ்யம் யாரும் பார்த்து எழுதியதில்லை, நான் போட்டது என்று சொன்னேன். கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ஒருவர், அப்படியானால் உங்கள் நாடு இந்தப் பதிப்பின் ஒப்பீட்டில் வராதே என்றார். தெரியும் என்றேன். இன்னொருவர் தயங்கித் தயங்கி, தங்கள் வரியிலும் அப்படி ஒரு பூஜ்யம் இருக்கிறது, அதை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான்: ஐந்து நோட்டுகள், சுடுதண்ணி பற்றிய ஒரு கேள்வி, அவர் எனக்காகக் காத்திருந்த ஒரு வருடம். முதல் இரண்டையும் அவரோடு அலைந்த உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். பார்க்காத தோட்டங்கள் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன, நானும் வருகிறேன். மூன்றாவது எனக்கு மட்டும் உரியது, அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

கட்டம் இப்போது வெறுமையாக இருக்கிறது, பிலோ அக்கா. கடைசி லயத்தில் இன்றைக்கும் விறகுதான் எரிகிறது.